கால் ரூபாய் அபராதம்

பள்ளிக்கூடத்தில் தமிழ் பேசிய குற்றத்துக்காக நான் கட்டிய மொத்த அபராதம் 7 ரூபாய் 25 காசு. தடவைக்குக் கால் ரூபாய் வீதம் இருபத்தொன்பது குற்றங்கள். பிடிபட்டவை மட்டும். பிடிபடாததையும் வசூலித்திருந்தால் வீட்டிலிருந்த கறவை எருமையை விற்றுத்தான் கட்டியிருக்க வேண்டும்.

எந்தப் பள்ளி என்பதை விட்டுவிடுவோம். எங்கள் ஊர் தீர்த்தமலையிலிருந்து தொலைவு, வாசலில் மாதா சிலை, உள்ளே ஆங்கிலம். வகுப்புத் தலைவன் கையில் ஒரு நீள நோட்டு. யார் வாயிலிருந்து தமிழ் விழுந்தாலும் அதில் பேர் ஏறும். ஒருநாள் மைதானத்தில் ஒருவனைத் தேள் கொட்டிவிட்டது. அவன் "ஐயோ" என்றான். அது தமிழா இல்லையா என்று சாப்பாட்டு வேளை முழுக்க வழக்கு நடந்தது. ஐயோ எல்லா மொழிக்கும் பொது என்று தீர்ப்பாகிக் கால் ரூபாய் தள்ளுபடியானது. ஆனால் அதற்கடுத்து அவன் தேளின் தாயாரைப் பற்றிச் சொன்னது கலப்படமில்லாத தமிழ். அதற்கு வசூலித்துவிட்டார்கள். தமிழ் வகுப்பு நடக்கும் நாற்பது நிமிடம் மட்டும் பொதுமன்னிப்பு. வாரம் முழுக்கச் சேர்த்துவைத்த சண்டையையெல்லாம் அந்த நேரத்தில்தான் போட்டுத் தீர்ப்போம். எங்களுக்குத் தமிழ் மேல் இவ்வளவு ஆசையா என்று தமிழய்யா பூரித்துப்போயிருப்பார்.

இதெல்லாம் மறந்துபோயிருந்தது. போன வருடம் என் தாய்மாமா கிளறிவிட்டார். அவர் ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியர். என்னை இங்கிலீஷ் பள்ளிக்கு அனுப்பியபோது என் அம்மாவோடு மூன்று மாதம் பேசாமல் இருந்தவர். பணி ஓய்வுக்குப் பிறகு நூலகமே கதியென்று கிடந்து, ஒருநாள் சாயங்காலம் மலையடிவாரத்துக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மாப்ள, உன் ஏழேகால் ரூபாயத் திருப்பி வாங்க வழி கெடச்சிருச்சு."

"எப்படி மாமா?"

"அப்பீல். மேல்கோர்ட்டு தீர்ப்பு ஒண்ணு இருக்கு. வருஷம்தான் கொஞ்சம் பழசு."

கொஞ்சம் என்று அவர் சொன்னது நானூற்றைம்பது வருடத்துக்கும் மேல்.

1542. பிரான்சிஸ் சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்து சேர்ந்தார். பாரிஸ் பல்கலைக்கழகத்தில் படித்தவர், அங்கேயே பாடமும் நடத்தியவர். தமிழில் ஆனா தெரியாது. கொஞ்சம் போர்த்துகீசியம் தெரிந்த உள்ளூர் ஆட்களைக் கூட்டிவைத்து ஜெபங்களைத் தமிழாக்கி, அர்த்தத்தை அவர்களிடம் விட்டுவிட்டு ஓசையை மட்டும் தான் எடுத்துக்கொண்டு, எங்கள் ஊர் பிள்ளைகள் ஆங்கில ரைம்ஸ் ஒப்பிப்பதைப்போல மனப்பாடம் செய்தார். பிறகு கையில் மணியை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாக ஆட்டிக்கொண்டே போனார். மணிச்சத்தம் கேட்டால் பிள்ளைகள் ஓடிவரும் என்பது ஐஸ் வண்டிக்காரர்களுக்கு முன்பே அவர் கண்டுபிடித்த உண்மை.

ஓடிவந்த பிள்ளைகள் அவர் சொன்னதை அப்படியே திருப்பிச் சொன்னார்கள். அதில்தான் வினை. விசுவாச அறிக்கையில் "விசுவசிக்கிறேன்" என்று வரவேண்டிய இடத்தில் மொழிபெயர்ப்புக் குழு "வேணும்" என்று போட்டுக் கொடுத்திருந்தது. கடவுளை நம்புகிறேன் என்பதற்குப் பதிலாக எனக்குக் கடவுள் வேணும். கடற்கரை நெடுக, ஊர் ஊராக, நம்பிக்கை அறிக்கை ஒரு விண்ணப்பப் படிவமாக மாறிப்போனது. 1544இல்தான் சவேரியாருக்கு விஷயம் தெரிந்து, கூட வேலை பார்த்த மான்சிலாஸுக்குக் கடிதம் எழுதித் திருத்தச் சொன்னார். அதே வருடத் தொடக்கத்தில் எழுதிய இன்னொரு கடிதத்தில், ஐரோப்பாவின் பல்கலைக்கழகங்களுக்குப் போய், படித்துப் படித்து ஒருவருக்கும் உதவாமல் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்துப் பைத்தியக்காரனைப்போலக் கத்த வேண்டும் என்று ஆதங்கப்பட்டிருந்தார். பாரிஸில் கத்த ஆசைப்பட்டவருக்கு அந்தக் கடற்கரை மணப்பாட்டில் ஒரு வினைச்சொல் வசப்படவில்லை.

"இதுல என்ன தப்பு மாப்ள?" என்றார் மாமா. "கோயிலுக்குப் போறவன் வேற என்னத்தச் சொல்றான்? வேணும்ங்கறதுதான். அந்தக் குழுவுல உக்காந்திருந்தவன் வெவரமானவன்."

சவேரியாருக்கு அடுத்து வந்தவர்தான் நம் வழக்குக்கு முக்கிய சாட்சி. ஹென்ரிக் ஹென்ரிக்ஸ். நம் ஆட்கள் வாயில் அண்டிரிக் அடிகளார். போர்த்துகீசியர். யூத வம்சம் என்று சொல்லிப் பிரான்சிஸ்கன் சபை அவரை வெளியே அனுப்ப, சேசு சபை சேர்த்துக்கொண்டு இங்கே அனுப்பிவைத்தது. அனுப்பிய இடத்தில் பெஞ்சில் உட்கார்ந்து தமிழ் படித்தார் மனிதர். இலத்தீன் இலக்கணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நம் வினைச்சொற்களை ஒவ்வொன்றாகப் பிடித்து, வந்தேன் வந்தாய் வந்தான் என்று வரிசையில் நிறுத்தி, ஒரு தமிழ் இலக்கணமே எழுதினார். 1578 அக்டோபர் 20 அன்று கொல்லத்தில் அவருடைய 'தம்பிரான் வணக்கம்' அச்சானது. பதினாறே பக்கம். இந்திய மொழி ஒன்றின் எழுத்தில் இந்தியாவில் அச்சாகி நமக்குக் கிடைத்திருப்பவற்றில் அதுதான் மூத்தது.

அதற்கும் முன்பே, 1554இல், லிஸ்பனில் ஒரு தமிழ்ப் புத்தகம் அச்சாகியிருந்தது. தமிழ் வார்த்தைகள், ரோமன் எழுத்து. இன்றைக்கு என் அக்கா பையன் வாட்ஸாப்பில் "சாப்டியா" என்று தட்டுகிறானே, அதே ஏற்பாடு. தங்கிலீஷைக் கண்டுபிடித்தவர்கள் இந்தக் காலத்துப் பிள்ளைகள் என்று திட்டுகிறவர்கள் தேதியைத் திருத்திக்கொள்ளலாம்.

மாமாவின் ஆதாரம் ஹென்ரிக்ஸின் கடிதத்தில் இருந்தது. முத்துக்குளித்துறையில் வேலை பார்த்த குருமார்கள் தங்களுக்குள்ளும் தமிழில்தான் பேச வேண்டும் என்று ஒரு தீர்மானம். தவறி வேறு மொழி பேசியவருக்குத் தவம், அதாவது தண்டனை. புன்னைக்காயலில் போர்த்துகீசியக்காரர் ஒருவர் இன்னொரு போர்த்துகீசியக்காரரிடம் "உப்பு எடு" என்று சொல்ல வேண்டும். தெரியாவிட்டால் உப்பில்லாமல் சாப்பிட வேண்டும். வாய் தவறித் தாய்மொழி வந்தால் முழங்கால்.

"பாத்தியா?" மாமா தொடையில் தட்டினார். "அன்னிக்குத் தமிழ் பேசாதவனுக்குத் தண்டனை. உனக்குத் தமிழ் பேசினதுக்குத் தண்டனை. ரெண்டும் ஒரே திருச்சபை. மொதல்ல வந்த தீர்ப்புதான் செல்லும். அசலும் வட்டியும் வாங்கிரலாம்."

"என்னோட பள்ளி சேசு சபை இல்ல மாமா. வேற சபை."

"எல்லாத்துக்கும் தலைமை ஆபீசு ரோமாபுரிதான? கிளையில குடுக்கலாம்."

கிளை என்று அவர் முடிவு செய்தது திருச்சி தூய வளனார் கல்லூரியை. தமிழ்நாட்டில் சேசு சபையின் பழைய கல்விக்கூடம், 1844இல் தொடங்கியது, பஸ் வசதி உண்டு. இந்த மூன்றாவது காரணம்தான் முதல் காரணம்.

தீர்த்தமலைக்காரர்களுக்கு ஒரு புராணக் கடமை உண்டு. தாமதமாக வருகிறவர்களிடம் நாங்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. ராமர் ராவணனை முடித்துவிட்டு இங்கே சிவபூசை செய்ய உட்கார்ந்தாராம். காசிக்குப் போய்க் கங்கை கொண்டுவா என்று அனுமனை அனுப்பினார். அனுமன் வரவில்லை. நேரமாகிறதே என்று ராமர் ஒரு அம்பை விட, மலை பிளந்து தண்ணீர் கொட்டியது. அது ராமர் தீர்த்தம். பாறை இடுக்கிலிருந்து இன்றும் தலையில் கொட்டுகிறது. பூசை முடிந்த பிறகு மூச்சிரைக்க வந்து சேர்ந்தார் அனுமன். தண்ணீர் தேவைப்படவில்லை என்று தெரிந்ததும் வந்த கோபத்தில் குடத்தை வீசியெறிந்தார். அது விழுந்த இடம் தென்பெண்ணைக் கரையில் அனுமன்தீர்த்தம். நேரத்துக்கு வந்தவருக்கு ஒரு ஊர், லேட்டாக வந்தவருக்கு ஒரு ஊர். என் பள்ளியில் லேட்டாக வந்தால் அதற்குத் தனி அபராதம், அதை 7.25இல் சேர்க்கவில்லை.

திருச்சிக்குக் கிளம்பி, அரூரில் சேலம் பஸ் பிடித்தோம். மஞ்சவாடி கணவாய் இறங்கி, அயோத்தியாப்பட்டணம் தாண்டும்போது மாமா ராபர்ட் தெ நோபிலியை எடுத்தார்.

இந்த ராபர்ட் 1606இல் மதுரைக்கு வந்த இத்தாலிக்காரர். நல்ல குடும்பம். அப்போது மதுரையில் கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற வயதான பாதிரியார் பத்துப் பதினோரு வருடமாக இருந்தார். மருந்து கொடுத்தார், பள்ளிக்கூடம் வைத்தார், எல்லாரிடமும் அன்பாக இருந்தார். மதுரைக்காரன் ஒருவன்கூட மதம் மாறவில்லை. காரணம் எளிது. கிறிஸ்தவனாகச் சம்மதமா என்பதை அவருடைய ஆட்கள் "பறங்கிக் குலத்தில் சேரச் சம்மதமா" என்று மொழிபெயர்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பறங்கி என்றால் மாட்டுக்கறி, சாராயம், குளிக்காத உடம்பு. வெறும் மொழிபெயர்ப்பில் பதினோரு வருடம் போயிற்று.

ராபர்ட் பார்த்தார். நான் பறங்கி இல்லை, ரோமாபுரி உயர்குலம், சந்நியாசி என்றார். காவி, மரப்பாதுகை, சந்தனம், பூணூல், ஒருவேளை மரக்கறிச் சாப்பாடு. பேர் தத்துவ போதகர். பெர்னாண்டஸின் பள்ளியில் வேலை பார்த்த இந்து வாத்தியாரோடு இருபது நாள் தர்க்கம் செய்து அவரை ஞானஸ்நானம் வரைக்கும் கொண்டுவந்துவிட்டார். (ஒரு வாத்தியாரோடு இருபது நாள் வாதாடி ஜெயித்தவர் உலகத்தில் அவர் ஒருவர்தான் என்பது மாமாவைத் தெரிந்த என் கருத்து.) சிவதர்மர் என்ற பிராமணரிடம் சமஸ்கிருதம் படித்தார். கோயில், பூசை, அருள் என்று நம் சொற்களையே எடுத்துத் தன் மதத்துக்குக் குடிவைத்தார்.

பக்கத்து வீட்டு பெர்னாண்டஸுக்கு இது பொறுக்கவில்லை. இவன் குடுமி வைத்தவனோடு சேர்ந்துவிட்டான் என்று மேலிடத்துக்குப் புகார். கோவா, ரோம் என்று கோப்பு ஊர் சுற்றியது. குடுமியும் பூணூலும் சந்தனமும் மதமா, வழக்கமா? பெரிய பெரிய கர்தினால்கள் மதுரைக் குடுமியைப் பற்றிக் கட்டுரை படித்தார்கள். 1623இல் போப் பதினைந்தாம் கிரகோரி, நிபந்தனையோடு வைத்துக்கொள்ளலாம் என்று அனுமதித்தார். நம்மூர் அலுவலகத்தில் பட்டா மாற்ற ஆகும் காலத்தோடு ஒப்பிட்டால், புகார் போனதிலிருந்து ஆன பதின்மூன்று வருடம் ஒன்றும் அதிகமில்லை.

அந்த வருடமே ராபர்ட் மதுரையை விட்டு நம் பக்கம் கிளம்பினார். நாங்கள் போய்க்கொண்டிருந்த அதே சேலம், அதே நாமக்கல் பக்கத்துச் சேந்தமங்கலம். சேலத்தில் தங்க இடம் கொடுக்க ஆளில்லாமல் பொதுச் சாவடியில் கிடந்தார். சேந்தமங்கலத்தில் பதவி கிடைக்காமல் போன இளவரசர் திருமங்கல நாயக்கர் அவரிடம் 1625இல் ஞானஸ்நானம் பெற்றார். பதவி கிடைக்காதவர்கள் ஆன்மிகத்துக்கு வருவதில் அன்றும் இன்றும் மாற்றமில்லை.

"அதுக்கு மேல வடக்க ஒரு பஸ்ஸு ஏறியிருந்தா தீர்த்தமலைக்கே வந்திருப்பாரு" என்று மாமா வருத்தப்பட்டார். வந்திருந்தால் எங்கள் ஊர் ஆட்கள் அவரைத் தீர்த்தத்தில் குளிக்கவைத்து, மொட்டையடித்து, வந்த விஷயத்தை மறக்கடித்து அனுப்பியிருப்பார்கள்.

முசிறிக்கு வந்தபோது காவிரியில் தண்ணீர் இருந்தது, மாமாவுக்கு வீரமாமுனிவர் வந்துவிட்டார். பெஸ்கி, இத்தாலி, 1680இல் பிறப்பு. ஏலாக்குறிச்சியில் இருந்துகொண்டு தேம்பாவணி பாடினார், சதுரகராதி போட்டார், குறில் எகரத்தையும் நெடில் ஏகாரத்தையும் எழுத்தில் பிரித்துக் கொடுத்தார். ஓலையில் புள்ளி வைத்தால் கிழியும் என்று நாம் புள்ளியையே விட்டுவிட்டு, எட்டா ஏட்டா என்று சொந்த எழுத்தையே ஊகித்துப் படித்துக்கொண்டிருந்த காலம் அது. வெளியூர் மாணவன் வந்து வாத்தியாரின் எழுத்தைத் திருத்திவிட்டான்.

எனக்கு அவரிடம் பிடித்தது பரமார்த்த குரு கதை. குதிரை முட்டை என்று பூசணிக்காயை வாங்கிக்கொண்டு வரும் கோஷ்டி. அதை அவர் சிரிப்பதற்காக மட்டும் எழுதவில்லை. பேச்சுத்தமிழ் படிக்க வந்த ஐரோப்பியச் சாமியார்களுக்கு அது ஒரு பாடப்புத்தகம், கூடவே இலத்தீனும் உண்டு. ஒரு குரு, குருமாராகப் போகிறவர்களுக்கு, குருவை முட்டாளாக்கிப் பாடம் எழுதுகிறார். சீடர்கள் ஐந்து பேர்: மட்டி, மடையன், பேதை, மூடன், மிலேச்சன். கடைசிப் பேரைக் கவனியுங்கள். கடல் கடந்து வந்தவனை நாம் திட்டும் பேர். முட்டாள்கள் பட்டியலில் தன் இனத்துக்கும் ஒரு நாற்காலி போட்டுவிட்டுத்தான் மனிதர் எழுத உட்கார்ந்திருக்கிறார்.

சத்திரம் பஸ் நிலையத்தில் இறங்கி, மெயின்கார்டு கேட் பக்கம் நடந்து, தெப்பக்குளத்தை ஒட்டி வந்து கல்லூரி வாசலில் நின்றோம். அப்போதுதான் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் அது உறைத்தது. அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை.

முப்பத்துநான்கு வருடம் வாத்தியாராக இருந்தவர். ஞாயிற்றுக்கிழமை பள்ளி இருக்காது என்பது அவருக்கு ஓய்வுபெற்ற பிறகு மறந்துவிட்டது. எனக்கு என்ன சாக்கு என்று மட்டும் கேட்காதீர்கள்.

திறந்திருந்தது லூர்து மாதா கோயில். இருநூறு அடிக்கு மேல் உயர்ந்து நிற்கும் கோபுரம். இந்தப் பக்கம் இது, அந்தப் பக்கம் மலைக்கோட்டை. ஊரில் எங்கே நின்று மேலே பார்த்தாலும் இரண்டில் ஒன்றாவது கண்ணில் படும். இரண்டு சாமிகளும் ஒருவரை ஒருவர் நூறு வருடத்துக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், சண்டை வந்ததாகத் தெரியவில்லை.

பூசை முடிந்து கூட்டம் கலைந்திருந்தது. நிழலில் உட்கார்ந்து, பார்க்க முடியாத கல்லூரியை எனக்குத் தெரிந்த அளவுக்கு மாமாவுக்குச் சுற்றிக் காட்டினேன்.

1773இல் போப்பே சேசு சபையைக் கலைத்துவிட்டார். அதிகம் படித்தவர்கள், அரசர்களிடம் அதிகம் ஒட்டியவர்கள், அதிகம் பகைத்தவர்கள், எல்லாம் அதிகம். 1814இல் மறுபடி அனுமதி கிடைத்து, அவர்கள் நம் பக்கம் திரும்பி வரும்போது 1830களின் கடைசி. இடையில் அறுபது வருடத்துக்கு மேல். அனுமன் கேஸ். வந்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். 1844இல் நாகப்பட்டினத்தில் கல்லூரி ஆரம்பித்து, 1883இல் அதைத் திருச்சிக்குத் தூக்கிவந்தார்கள். இங்கே கிளைவ் இருந்த வீடு என்று சொல்லப்படும் கட்டடம் அவர்கள் கைக்கு வந்து மாணவர் விடுதியானது. ராபர்ட் கிளைவ் சின்ன வயதில் ஒரு பள்ளியிலும் நிலைக்காமல் பள்ளி பள்ளியாக மாற்றப்பட்ட பையன். அவன் வீட்டில்தான் பிள்ளைகள் விடிய விடியப் படித்துப் பரீட்சைக்குப் போனார்கள். கர்மாவை நம்பாதவர்களும் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிப்பார்கள்.

1950இல் ராமேஸ்வரத்திலிருந்து அப்துல் கலாம் இங்கே வந்து சேர்ந்தார். நான்கு வருடம் விடுதி வாசம். அறையில் கூட இருந்தவர்கள் ஸ்ரீரங்கத்து ஐயங்கார் பையன் ஒருவர், கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர் ஒருவர். மூன்றாவது வருடம் கலாமை ஒரு மெஸ்ஸுக்குச் செயலாளர் ஆக்கினார்கள். எந்த மெஸ்? சைவ மெஸ். கத்தோலிக்கக் கல்லூரி, முஸ்லிம் செயலாளர், சைவச் சாப்பாடு, அதைச் சாப்பிட ஒரு ஞாயிறு மதியம் விருந்தாளியாக வந்தவர் கல்லூரி அதிபர் களத்தில் அடிகளார். இவற்றையெல்லாம் கலாம் அக்னிச் சிறகுகளில் எழுதியிருக்கிறார். விடுதிக் காப்பாளர் செக்வேரா அடிகளார், ஆங்கிலப் பேராசிரியர், ராத்திரி கையில் பைபிளோடு ஒவ்வொரு பையனையும் பார்த்துவிட்டுப் போவாராம். தீபாவளி வந்தால் அதே சாமியார் ஏற்பாட்டில் அறைக்கு அறை நல்லெண்ணெய் விநியோகம். தலைக்குத் தேய்த்துக் குளிக்க.

மாமா இங்கேதான் கண் கலங்கினார். "நல்லெண்ணெயா?"

"நல்லெண்ணெய்தான்."

"சீயக்காயும் குடுத்தாங்களா?"

அது புத்தகத்தில் இல்லை.

அதே காலத்தில் ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு ஒல்லிப் பையனும் இங்கே இயற்பியல் படித்துக்கொண்டிருந்தான். பேர் ரங்கராஜன், பிற்பாடு சுஜாதா. ராக்கெட் விட்டவரும், கதையில் ராக்கெட் விட்டவரும் ஒரே வாசல் வழியாகப் போய்வந்திருக்கிறார்கள்.

இன்னொன்றும் உள்ளே இருக்கிறது, அதைப் பார்க்க முடியாததில்தான் எனக்கு நிஜமான வருத்தம். ராப்பினாட் தாவரக்காட்சியகம். மாத்தியூ என்ற சேசு சபைச் சாமியார் 1967இல் நிறுவியது. மலை மலையாக ஏறிச் செடிகளைப் பறித்து, காயவைத்து, ஒட்டி, பேர் எழுதி, தமிழ்நாட்டின் 'கர்நாட்டிக்' பகுதித் தாவரங்களைப் பற்றித் தடித்தடியாகப் புத்தகம் போட்டார். சேர்வராயன், கல்வராயன் என்று நம் பக்கத்து மலைகளெல்லாம் அதில் வரும். நாம் ஆடு மேய்த்துக்கொண்டு பேர் தெரியாமல் மிதித்த செடிக்கு அங்கே அலமாரியில் முகவரி உண்டு.

"என்ன பேரு வெச்சிருப்பாங்க, வேப்பமரத்துக்கு?"

"அசாடிராக்டா இண்டிகா."

"மரத்துக்கும் இங்கிலீஷ் மீடியமா?"

"இலத்தீன் மாமா."

"அபராதம் உண்டா?"

மாமா எழுந்து கோயிலுக்குள் போய் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார். நீளமான ஒரே கூடம். நான் வடக்கன்குளத்தை நினைத்துக்கொண்டேன். நெல்லைச் சீமையில் இருக்கும் அந்த ஊரில் 1872இல் ஒரு கோயில் கட்டினார்கள், கால்சட்டை மாதிரி இரண்டு பிரிவாக. ஒரு காலில் ஒரு சாதி, இன்னொரு காலில் மற்றவர்கள். நடுவில் தடுப்பு. பலிபீடம் மட்டும் இடுப்பு. 1910இல் தடுப்பை இடித்தார்கள், வழக்கு கோர்ட்டுக்குப் போனது. நம்மிடம் படிக்க வந்தவர்கள் தமிழை மட்டும் படித்துவிட்டுப் போகவில்லை. நாம் நடத்திய சாதிப் பாடத்தையும் படித்து, பரீட்சையில் நல்ல மார்க் வாங்கி, கட்டடமாகவே கட்டிக் காட்டினார்கள். அந்தப் பாடத்துக்கு மட்டும் எந்த வகுப்புத் தலைவனும் நோட்டில் பேர் எழுதவில்லை.

அதே வடக்கன்குளத்துப் பள்ளிக்குத்தான் 1940இல் யாழ்ப்பாணத்து இளம் சாமியார் ஒருவர் வாத்தியாராக வந்தார். ரோமில் படித்தவர், பல மொழி தெரிந்தவர், தமிழ் அவ்வளவாக வராது. வாத்தியார் வேலை பார்த்துக்கொண்டே அங்கே தமிழ் கற்க ஆரம்பித்து, பிறகு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்குப் போய் முறையாகவே படித்தார். அவர்தான் தனிநாயகம் அடிகள். 1964இல் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் அமைந்ததே அவர் முயற்சியால்தான். அவரும் லேட். அவர் வீசிய குடம் விழுந்த இடத்தில்தான் உலகத் தமிழ் மாநாடு நடக்கிறது.

மாமா பலிபீடத்தைப் பார்த்தபடி கேட்டார். "லூர்து, லூர்துங்கறாங்களே, அது என்ன எடம்?"

"பிரான்சுல ஒரு ஊர் மாமா. மலையடிவாரம். 1858ல பெர்னதெத்துன்னு ஒரு ஏழைப் பொண்ணு, பதினாலு வயசு, ஒரு குகைக்கிட்ட மாதாவைப் பாத்தேன்னு சொன்னா. அங்க பாறைக்கடியில தோண்டச் சொல்லி, தண்ணி வந்துச்சு. இன்னிக்கும் வருது. குளிச்சா நோய் தீரும்னு ஜனம் போகுது."

மாமா திரும்பி என்னை முறைத்தார். "பாறையிலருந்து தண்ணி. மலையடிவாரம். குளிச்சா சரியாகும். ஏண்டா, இது நம்ம ஊரு கதைடா! இதப் பாக்கறதுக்கா நூத்தம்பது கிலோமீட்டருக்கு மேல பஸ்ஸுல வந்தோம்?"

"இன்னும் இருக்கு மாமா. அந்தப் பொண்ணுக்கு அப்ப எழுதப் படிக்கத் தெரியாது. பிரெஞ்சும் சரியா வராது. அந்த மலைச்சீமைப் பேச்சு ஒண்ணு இருக்கு, ஒக்சிதான். அதுதான் தெரியும். மாதா அவகிட்ட பேசினது அந்தப் பேச்சுலதான். தன் பேரச் சொன்னதும் அதுலதான். அந்த வாக்கியத்த இன்னிக்கும் குகையில சிலைக்கடியில அதே பேச்சுல எழுதி வெச்சிருக்காங்க."

"பிரெஞ்சுல பேசலியா மாதா?"

"இல்ல."

"அந்தப் பேச்ச அவங்க ஊரு பள்ளிக்கூடத்துல பேச விட்டாங்களா?"

எனக்குத் தொண்டையில் ஏதோ அடைத்தது, சிரிப்புத்தான் என்று நினைக்கிறேன். அந்த நூற்றாண்டில் பிரான்சுப் பள்ளிகளில் வட்டாரப் பேச்சு பேசிய பிள்ளைக்குத் தண்டனை உண்டு. ஒரு கட்டையையோ வில்லையையோ கழுத்தில் மாட்டிவிடுவார்கள். அவன் அடுத்தவன் பேசுவதைப் பிடித்து அவன் கழுத்துக்கு மாற்ற வேண்டும். சாயங்காலம் யார் கழுத்தில் இருக்கிறதோ அவனுக்கு அடி. நீள நோட்டின் தாத்தா.

என் பள்ளி வாசலில் வெள்ளையும் நீலமுமாக நின்ற அந்தச் சிலை ஞாபகத்துக்கு வந்தது. அது இதே லூர்து மாதாதான். காலையில் உள்ளே போகும்போது அதைக் கும்பிட்டுவிட்டுத்தான் போவோம். அவர் ஒருநாள் வாயைத் திறந்து அந்தப் பொண்ணிடம் பேசியதைப்போல எங்களிடம் பேசியிருந்தால், வகுப்புத் தலைவன் கூசாமல் பேர் எழுதியிருப்பான். 'மேரி, கால் ரூபாய்.'

மாமா வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு எழுந்து போய்ச் சுரூபத்துக்கு முன்னால் ஒரு மெழுகுவத்தி ஏற்றினார். உதடு அசைந்தது. அசைவைப் பார்த்தால் நீளமான பட்டியலாகத் தெரிந்தது.

"என்ன மாமா வேண்டுனீங்க?"

"பென்ஷன் அரியர் வேணும். உங்க அத்தைக்கு முட்டிவலி போகணும். சின்னவளுக்கு எடம் அமையணும். மூணே மூணு வேணும்."

"அப்பீலு?"

"அத விட்டுட்டேன். அந்தம்மாவே கட்டாம தப்பிச்ச ஆளு. அவங்ககிட்ட போயி எப்படிக் கேக்கறது?"

வெளியே வரும்போது உண்டியலில் ஒரு பத்து ரூபாயைப் போட்டேன். மாமா கையைப் பிடித்துவிட்டார்.

"ஏண்டா, வாங்க வந்தியா, குடுக்க வந்தியா?"

"முன்பணம் மாமா. கால் ரூபா வீதம் நாப்பது வார்த்தை. ஊர் போற வரைக்கும் தமிழ்ல பேசிக்கலாம்."

தெப்பக்குளம் தாண்டுவதற்குள், ஷேர் ஆட்டோக்காரர் சொன்ன வாடகையைக் கேட்டு மாமா நாற்பதையும் தீர்த்துவிட்டார்.